பதினோரு பேர் நிற்கும் படம்

சிகாகோ
1909, பிப்ரவரி 9

அன்புள்ள டீலியா அக்காவுக்குத் தம்பி பார்ட்லி எழுதுவது.

சுகமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? தண்டவாளத்தைப் பனி மூடி, ஓ'நீல் ஊரிலிருந்து நான்கு நாள் ரயிலே கிளம்பாமல், பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட நீங்கள் பார்க்க முடியாமல் போனதே என்று இங்கே எல்லோருக்கும் ஆறவில்லை. எங்கள் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். பம்பு வண்டிக் குதிரைகளுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். மருமகனை நல்லபடியாகத்தான் அடக்கம் செய்தோம்.

தந்தியில் சொல்ல முடியாததைச் சொல்கிறேன். ஜனவரி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு முன் மணி அடித்தது. கம்பளிக் கிடங்கு, ஐந்து மாடி. அப்படி ஒரு குளிரை நான் இருபது வருஷத்தில் பார்த்ததில்லை. தெருக்குழாயைச் சுற்றித் தீ மூட்டி உருக்கித்தான் திறக்க முடிந்தது. மேலே பீய்ச்சிய தண்ணீர் பனிக்கட்டியாகி எங்கள் தலையிலேயே விழுந்தது. ஒன்பது மணி வாக்கில் தீ அடங்கும் சமயம், படிக்கட்டுப் பக்கத்துச் சுவர் சரிந்தது. ஃபெஸ்டி அங்கே இருந்தான். ஒரு நொடிதான், அக்கா. என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரிந்தே இருக்காது. அதை மட்டும் நினைத்துக்கொள்.

படம் இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தாய். அவன் படமே எடுத்துக்கொண்டதில்லை. நான் ஒரு தடவை கூப்பிட்டபோது, "என் மூஞ்சியப் பாக்கக் காசு குடுக்கணுமா மாமா? கண்ணாடி சும்மாதானே தொங்குது" என்றான். இத்துடன் இருப்பது கிடங்கின் படம். லிண்ட்குவிஸ்ட் என்ற ஸ்வீடன்காரர் எடுத்தது. எங்கே தீ பிடித்தாலும் கேமரா முக்காலியும் படம் பதியும் கண்ணாடித் தகடுமாக எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். கூரையிலிருந்து தெரு வரைக்கும் பனிக்கட்டி வழிந்து உறைந்திருக்கிறது பார். ஏணியும் அதோடு ஒட்டிப்போய் நிற்கிறது. இதைத் தபால் அட்டையாக அச்சடித்துக் கடைகளில் விற்கிறார்கள். ஜனங்கள் அழகாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள்.

அத்தானைத் தனியாக விடாதே.

உன் தம்பி
பார்ட்லி கின்னேன்


ஓ'நீல், நெப்ராஸ்கா
1909, பிப்ரவரி 24

தம்பி பார்ட்லிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கைவிரல்கள் எப்படி இருக்கின்றன? மரத்துப்போனதைச் சூடான தண்ணீரில் வைக்காதே, புண்ணாகிவிடும். இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் அத்தான் மாட்டுக்கொட்டகைக்குப் போனால் வருவதில்லை. போய்ப் பார்த்தால் சும்மா நின்றுகொண்டிருக்கிறார்.

படம் பார்த்தேன். ஊரில் எல்லோரும் பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தார்கள். என் பிள்ளை இல்லாத கட்டடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன்.

அவன் அன்று காலையில் சாப்பிட்டானா? உள்ளே கம்பளிச் சட்டை போட்டிருந்தானா? கடைசியாக உன்னிடம் என்ன பேசினான்? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுது. சின்ன விஷயம்தான் எனக்கு வேண்டும். அவன் சாமான்களை அனுப்பு.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு இனி அந்த ஊரில் நீ ஒருத்தன்தான்.

டீலியா


சிகாகோ
1909, மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

என் விரல்களுக்கு ஒன்றுமில்லை. இடது கையில் இரண்டு நகம் போயிற்று, முளைத்துவிடும். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

சாமான்களை ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். சவரக் கத்தி, ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ், இரண்டு சட்டை, பாதி தின்ற மிட்டாய்ப் பொட்டலம். பொட்டலத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

மணி அடித்ததால் அன்று யாரும் சாப்பிடவில்லை. கம்பளிச் சட்டை போட்டிருந்தான். கடைசியாக என்னிடம் பேசியது ஏணி அடியில். என் மீசை முழுக்கப் பனிக்கட்டி தொங்குவதைப் பார்த்து, "மாமா, இப்பத்தான் உனக்கு மீசைன்னு சொல்லிக்கிற மாதிரி இருக்கு" என்றான். நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனான். வேறொன்றும் இல்லை.

உன் தம்பி
பார்ட்லி


ஓ'நீல்
1909, மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. முதலில் இதைக் கேள். கில்லிகன் வீட்டு அம்மாள் ஒமாஹாவுக்குப் போயிருந்தாள். புகையிலைக் கடையில் தொங்கிய அட்டைகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு ஓடோடி வந்தாள். அதே ஸ்வீடன்காரர் எடுத்த இன்னொரு படம். உங்கள் நிலையத்து ஆட்கள் வரிசையாக நிற்கிறீர்கள். தலையிலிருந்து கால் வரை பனிக்கட்டி, முகம் யாருடையது என்றே தெரியவில்லை. ஆனால் கீழே எல்லோர் பெயரும் அச்சடித்திருக்கிறது. ஒன்பதாவது பெயர், ஃபெஸ்டஸ் மோரன்! நம் பிள்ளை பெயரை அச்சில் பார்த்ததும் நான் மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அத்தான் படத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடமிருந்து மூன்றாவது ஆளின்மேல் விரலை வைத்து, "இவன்தான். சிரிக்கிறான் பாரு" என்றார். ஜனவரிக்குப் பிறகு அவர் தானாக வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான். அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "எம் பையன். மூணாவது ஆளு" என்கிறார். பால் வாங்க வந்தவனையும் விடவில்லை.

இப்படி ஒரு படம் இருக்கிறது என்று நீ ஏன் சொல்லவில்லை? உனக்குத் தெரியாதா? மூன்றாவது ஆள் அவன்தானே? இதை எப்போது எடுத்தார்கள்? சீக்கிரம் எழுது. அத்தான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

டீலியா


சிகாகோ
1909, ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. பம்பு வண்டிக் குதிரைக்குக் காலில் வீக்கம், வைத்தியர் தினமும் வந்து போகிறார். பக்கத்துத் தெருவில் வைக்கோல் கிடங்கு எரிந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலை அதிகமாக இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். லிண்ட்குவிஸ்ட் அன்று நிறைய எடுத்தார். எது எப்போது எடுத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் பனியில் மூடிக் கிடந்தோம், ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியாது. அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தகப்பனுக்குத் தெரியாததா? மூன்றாவது ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்த காலத்து உழவுக்கு ஆள் கிடைத்தானா?

பார்ட்லி


ஓ'நீல்
1909, மே 12

பார்ட்லிக்கு,

உன் உடம்பு தேவலையா? குதிரையின் கால் தேவலையா? நீ குதிரையை ஒரு தடவை எழுதியிருந்தாய், என் பிள்ளையின் பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. எண்ணிப் பார்த்தேன்.

எண்ணுகிற பழக்கம் வந்ததும் படத்தையும் எண்ணினேன். கீழே பன்னிரண்டு பெயர். மேலே நிற்பது பதினோரு பேர். ஒருவேளை பின்னால் யாராவது மறைந்திருப்பார்களோ என்று லிண்ட்குவிஸ்டுக்கு எழுதிப் பெரிய படம் ஒன்று கேட்டேன். நல்ல மனிதர். ஜன்னல் கண்ணாடி அளவுக்கு ஒன்று போட்டுச் சும்மா அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கடிதம். "அம்மா, தீ அணைந்த பிறகு, காலை ஒன்பதரை மணிக்கு கேப்டன் பெயர் கூப்பிடும்போது எடுத்த படம் இது. பெயர்களை அவருடைய பட்டியலைப் பார்த்துத்தான் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு பெயர் கூப்பிட்டார், பன்னிரண்டுக்கும் பதில் வந்தது, என் காதால் கேட்டேன். கழுவிப் பார்த்தால் தகட்டில் பதினோரு பேர். என் தகட்டில்தான் ஏதோ குறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

தகட்டில் குறை இல்லை, பார்ட்லி. பெரிய படத்தில் யாருக்கும் பின்னால் யாரும் இல்லை. பத்துப் பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவது ஆள் மட்டும் வாயைத் திறந்திருக்கிறான், மூச்சு வெள்ளையாக வெளியே வருகிறது. அது சிரிப்பு இல்லை, பதில் சொல்கிறான். அது என் பிள்ளையும் இல்லை. பன்னிரண்டு வயதில் கதவில் நசுங்கிய அந்த இடது காது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? உன்னை நான்தானே தூக்கி வளர்த்தேன்.

நீ அப்போது யார் பெயருக்குப் பதில் சொன்னாய்?

அத்தானிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய படத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை.

டீலியா


ஓ'நீல்
1909, ஜூலை 1

பார்ட்லிக்கு,

ஏழு வாரம் ஆயிற்று. நீ உயிரோடு இருப்பது தெரியும், நிலையத்துக்குத் தந்தி அடித்துக் கேட்டேன்.

என்னால் அங்கே வந்து உன் சட்டையைப் பிடித்து உலுக்க முடியாது. அறுப்பு நேரம், அத்தான் அரிவாளைப் பிடித்தபடியே மறந்துபோய் நின்றுவிடுகிறார். இங்கிருந்து காகிதத்தில் கத்துவதைத் தவிர என்னால் என்ன முடியும்? நீ எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

டீலியா


சிகாகோ
1909, ஜூலை 26

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ஒன்பது தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிடுவேன்.

தீ அணைந்ததும் கேப்டன் பட்டியலை எடுத்துப் பெயர் கூப்பிடுவார். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டார்களா என்று பார்க்கத்தான் அந்த வழக்கமே. ஆனால் குளிர்காலத்தில் விரல் மரத்தவன், காது மரத்தவன் எல்லாம் அதற்குள் மூலையில் இருக்கும் ஹான்லன் கடைக்கு ஓடிவிடுவார்கள், சூடாக விஸ்கி குடிக்க. நிற்கிறவன் ஓடியவனுக்காக "இருக்கேன்" என்று குரல் கொடுப்பான். இது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே நடக்கிறது. கேப்டனுக்கும் தெரியும். அதனால்தான் பட்டியலை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார்.

அன்றைக்கு "மோரன்" என்று கூப்பிட்டார். நான் பக்கத்தில் பார்த்தேன், ஃபெஸ்டி இல்லை. ஓடிவிட்டான் கழுதை என்று நினைத்தேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் "இருக்கேன்" என்றேன். அந்த நேரத்தில்தான் ஸ்வீடன்காரர் தகட்டைத் திறந்திருக்கிறார்.

அப்புறம் உறைந்த குழாய்களைக் கோடரியால் வெட்டி எடுத்தோம். அதற்கே மேலும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு அவனைக் கூட்டி வரலாம் என்று ஹான்லன் கடைக்குப் போனேன்.

"எங்கய்யா எம் மருமகன்? பீப்பாயைக் காலி பண்ணிட்டானா?" என்று கேட்டேன்.

"ஃபெஸ்டியா? இன்னிக்கு இந்தப் பக்கமே வரலியே. உன்கூடத்தான் இருக்கான்னு நெனச்சேன்" என்றான் ஹான்லன்.

நான் எப்படித் திரும்பி ஓடினேன் என்று தெரியாது. சுவர் விழுந்தபோது அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். படிக்கட்டுக்கு அடியில் கிடந்தான். கால்கள்மேல் உத்தரம். அதற்கு மேல் ஒரு கீறல் இல்லை. நாங்கள் பீய்ச்சிய தண்ணீர் அவன்மேல் ஓடி உறைந்திருந்தது. வலது கையுறை தட்டித் தட்டித் தேய்ந்திருந்தது. குளிரில்தான் போயிருக்கிறான், சுவரால் இல்லை, பத்தரை பதினொன்று வரைக்கும் இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். ஒரு நொடி என்று நான் உனக்கு எழுதியது பொய்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பதினோரு பதில்தான் வந்திருக்கும். தேடியிருப்பார்கள். பத்து நிமிஷத்தில் எடுத்திருப்போம்.

கேப்டனிடம் போய்ச் சொன்னேன். "எல்லாரும் பண்றதத்தான் நீ பண்ணுன. இத வெளிய சொன்னா பன்னெண்டு குடும்பம் தெருவுக்கு வரும். செத்தவன் வருவானா? போய்ப் படுறா" என்றார். பாதிரியாரிடம் சொன்னேன். கடவுள் மன்னிப்பார் என்றார். கடவுளா அக்கா அவனைப் பெற்றார்?

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. நான் தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லாதவன். நீ இனி எழுதாவிட்டால் எனக்குப் புரியும்.

பார்ட்லி


ஓ'நீல்
1909, அக்டோபர் 3

பார்ட்லிக்கு,

உன் கடிதம் ஆகஸ்ட் மாதமே வந்தது. நாங்கள் இருக்கிறோம். மக்காச்சோளம் சுமார். அத்தான் இந்த வாரம் கொஞ்சம் சாப்பிடுகிறார்.

முதல் மாதம் உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தைச் சொன்னால் தாங்க மாட்டாய். நெஞ்சில் என்ன கல்லா உனக்கு என்று தனியாகக் கொட்டகையில் நின்று கத்தினேன். மாடுதான் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் மறுபடியும் உன் கடிதத்தைப் படித்தேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ படிக்கும்போதுதான் அதில் ஒன்று இல்லை என்று தெரிந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே இருந்ததில் எனக்கு என்னையே மறந்துபோயிற்று.

போன நவம்பரில் நான் உனக்கு எழுதினேன். ஃபெஸ்டிதான் வேடிக்கையாக எழுதியிருந்தான், நீங்கள் ஒருவருக்கு ஒருவர் குரல் கொடுப்பதைப் பற்றி. அதைப் படித்துவிட்டு உனக்கு எழுதினேன்: "அவனுக்கு நெஞ்சுச் சளி. தீ அணைந்ததும் ஓடிப்போய்ச் சூடாக எதையாவது குடிக்கட்டும். பெயர் கூப்பிட்டால் நீ சொல்லிவிடு. தாய்மாமன் இதற்குக்கூட இல்லையா?" என்று. அதற்கு நீ பதில் போட்டாய்: "கவலையை விடு அக்கா. உன் பிள்ளைக்கு இனி இரண்டு வாய். குடிக்கிற வாய் அவனுடையது, பதில் சொல்கிற வாய் என்னுடையது." நானும் அத்தானும் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கடிதம் இப்போது என் எதிரில் மேஜைமேல் இருக்கிறது.

நீ ஏன் இதைச் சொல்லவில்லை? "நீதானே சொன்னாய்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. அந்த வரி எங்கே எங்கே என்று கடைசிவரை தேடினேன், இல்லை. எழுதியிருந்தால் நான் பதிலுக்கு உன்னைச் சபித்திருப்பேன், இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். நீயும் என்னைக் குத்தவில்லை, நானும் உன்னைக் குத்த முடியவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உன் அத்தான் இன்னும் அந்தப் படத்தை வருகிறவர்களுக்குக் காட்டுகிறார். நேற்றுப் புதுப் பாதிரியார் வந்தார். "மூணாவது ஆளு, எம் பையன். சாகறதுக்கு முன்னாடிகூடச் சிரிச்சிட்டு நிக்கறான் பாருங்க ஃபாதர்" என்றார். நான் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டு நின்றேன். படத்தைக் கழற்றவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. என் பிள்ளையை நான் கொன்றேனா, பார்ட்லி? நீ பொய் சொல்லாமல் சொல்.

அக்கா
டீலியா


சிகாகோ
1909, அக்டோபர் 9

அன்புள்ள டீலியா அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நகம் இரண்டும் முளைத்துவிட்டன. அத்தான் சாப்பிடுகிறார் என்று படித்ததில் சந்தோஷம். அந்தப் படம் அவர் மாட்டிய இடத்திலேயே இருக்கட்டும். மூன்றாவது ஆள் அவருடைய பையன்தான். யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்வேன்.

நீ சொல்கிற நவம்பர்க் கடிதத்துக்காக என் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று எனக்கு வரவே இல்லை. உன்னிடம் இருக்கும் பதிலையும் நான் எழுதவில்லை. நிலையத்தில் எவனோ குடித்துவிட்டு என் பெயரைப் போட்டு விளையாடியிருக்கிறான். கையெழுத்து என்னுடையது மாதிரி இருந்தால் நம்பாதே, இங்கே எல்லோர் கையெழுத்தும் ஒரே மாதிரிதான். அதை இன்றைக்கே அடுப்பில் போட்டுவிடு.

நான் குரல் கொடுத்தது என் இஷ்டத்துக்கு. யாரும் சொல்லிச் செய்யவில்லை. நீ ஒன்றும் எழுதவில்லை, அக்கா. எழுதியிருந்தால் எனக்கு வந்திருக்குமே.

உன் தம்பி
பார்ட்லி